அடைத்த மூக்கும் நோன்புக் கஞ்சியும்

பிப்ரவரி 20, வியாழன்

இந்த நோட்டை வாங்கச் சொன்னது ராமநாதபுரத்து மூக்கு டாக்டரம்மா. செந்தாமரை என்று பெயர். என் மகள் வயதுதான் இருக்கும். தினமும் எத்தனை மணி நேரம் தூங்கினேன், எத்தனை தடவை விழித்தேன், மூக்குச் சொட்டு எத்தனை தடவை விட்டேன் என்று எழுத வேண்டுமாம். ஐம்பத்து நாலு வயதில் எனக்கு வீட்டுப்பாடம்.

நான் முத்து இபுராகிம். பிரியாணி மாஸ்டர். இந்த ஊரில் நான் பிரியாணித் தேக்சா ஏற்றாத கல்யாண வீடு குறைவு. ரமலான் மாதத்தில் கல்யாணம் கிடையாது. அப்போது எங்கள் தெருப் பள்ளிவாசலுக்கு நோன்புக் கஞ்சி காய்ச்சுவேன். இருபத்திரண்டு வருடமாக அந்தத் துடுப்பை வேறு ஆள் தொட்டதில்லை.

டாக்டரிடம் போக வேண்டி வந்தது என் மனைவி ஜொகராவால். போன வாரம் ஒரு பெண் வீட்டார் ஆர்டர் பேச வந்தார்கள். ஐந்நூறு பேருக்கு எத்தனை கிலோ அரிசி என்று அவர்கள் கேட்டது தெரியும். நான் பதில் சொன்னது தெரியாது. கண்ணைத் திறந்தபோது அவர்கள் தேத்தண்ணீரைக் குடித்து முடித்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆர்டர் வேறு மாஸ்டருக்குப் போய்விட்டது. மறுநாளே ஜொகரா என்னை பஸ் ஏற்றிக் கூட்டிப்போனாள்.

டாக்டரம்மா மூக்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். கழுத்தை டேப் வைத்து அளந்தார். பிறகு என்னை விட்டுவிட்டு ஜொகராவிடம், "தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருதாம்மா?" என்று கேட்டார்.

"வரும்" என்றாள்.

"அப்ப நீங்க எப்பம்மா தூங்குவீங்க?"

ஜொகரா சிரித்தாள். எனக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. வைத்தியம் எனக்கா அவளுக்கா? அவள் எப்போது தூங்குவாள் என்று என்னைக் கேட்டால் நான் சொல்வேன்: பகல் பூரா. தையல் மிஷினில் உட்கார்ந்தபடி தலையைத் தொங்கப் போட்டுவிடுவாள். போன பெருநாளைக்குப் பக்கத்து வீட்டு ஆயிஷாவின் ஜாக்கெட்டில் இரண்டு கையையும் ஒரே பக்கம் தைத்து வைத்தவள்.

சொட்டு மருந்து எத்தனை என்று கேட்டதற்கு இரண்டு என்றேன். இரண்டு தடவையா, இரண்டு குப்பியா என்று அவர் கேட்கவில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

தூக்கம்: ஏழு மணி நேரம். விழிப்பு: இல்லை. சொட்டு: 2.

ஏழு மணி நேரம் தூங்கியும் எழுந்தால் தலை கல்லாகக் கனக்கிறது. வாய் வறண்டு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. எல்லாம் மூக்கடைப்பு செய்கிற வேலை. மூக்கு திறந்தால் எல்லாம் சரியாகிவிடும். அதற்குத்தானே சொட்டு விடுகிறேன்?

எட்டு வருடம் முன்பு ஒரு கல்யாணத்தில் சளி பிடித்திருந்த நேரம் மருந்துக்கடைக்காரர் கொடுத்தது. இரண்டு சொட்டு விட்டால் ஒரு நிமிடத்தில் மூக்கு கதவு திறந்த மாதிரி ஆகிவிடும். சட்டைப்பையில் ஒரு குப்பி இருக்கும். தலையணைக்குக் கீழே ஒன்று. சமையல் சாமான் பெட்டியில் பட்டை கிராம்புக்கு நடுவே ஒன்று, அது அவசரத்துக்கு.

பிப்ரவரி 24, திங்கள்

வீட்டிலேயே பரிசோதனை. ஒரு சின்னப் பெட்டியை நெஞ்சில் பெல்ட் போட்டுக் கட்டி, விரலில் ஒரு கிளிப் மாட்டி, மூக்கில் ஒரு குழாய் வைத்துத் தூங்கச் சொன்னார்கள். தூங்கினேன்.

காலையில் ஜொகரா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், கையில் ஓதுகிற தஸ்பீஹ் மணிமாலை. அவளுக்கு இது வழக்கம். எப்போது கண் விழித்துப் பார்த்தாலும் மணி உருட்டிக்கொண்டிருப்பாள். இபாதத்தில், இறைவணக்கத்தில், அவளை யாரும் மிஞ்ச முடியாது என்று தெருவில் பெருமையாகச் சொல்வேன். எங்கள் வீட்டில் அலாரமே கிடையாது. நோன்பு நாளில் விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுப்ப அவள் இருக்கிறாள். எங்களுக்கு மட்டுமில்லை, தெருவில் நாலு வீட்டுக்கு ஜொகராவின் மிஸ்டு கால்தான் சஹர்.

பிப்ரவரி 26, புதன்

தூக்கத்தில் மணிக்கு நாற்பத்தொரு தடவை எனக்கு மூச்சு நிற்கிறதாம்.

நான் நம்பவில்லை. "நாப்பத்தொரு தடவ நின்னா ஆளு மௌத்தாகியிருக்கணுமே டாக்டரம்மா" என்றேன்.

அவர் மேசை மேலிருந்த காகிதக் குழாய் ஒன்றை எடுத்துக் கொடுத்தார், இளநீர் குடிப்பதற்குப் போடுவது. ஒரு முனையை விரலால் பாதி அடைத்துக்கொண்டு மறுமுனையில் உறிஞ்சச் சொன்னார். உறிஞ்சினேன். நடுவில் குழாய் சப்பிக்கொண்டது.

"உங்க மூக்கு இந்த அடைச்ச முனை. தொண்டை இந்த நடுப்பகுதி. தூக்கத்துல தொண்டைச் சதை தளர்ந்து போயிருக்கும். மூக்கு அடைச்சிருந்தா நீங்க பலமா இழுக்கணும், இழுக்க இழுக்க தொண்டை சப்பிக்கும். இல்லேன்னா வாயைத் திறந்துடுவீங்க, நாக்கு பின்னால சரியும். ரெண்டும் ஒண்ணுதான்."

"அப்ப மூக்கு திறந்தா சரியாப் போயிடும்."

"அப்படி நான் சொல்லல. மூக்கு மட்டும் காரணம் இல்ல. கழுத்து பருமன், எடை, தொண்டையோட அமைப்பு எல்லாம் இருக்கு. மூக்கு திறந்தாலும் மிஷின் வேணும். ஆனா மூக்கு திறக்காம மிஷின் உங்களுக்கு ஒத்துக்காது."

பிறகு என் சட்டைப்பையைப் பார்த்தார். குப்பியின் மூடி வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. "இது எத்தனை வருஷமா?"

"சளி புடிச்சா மட்டும்."

ஜொகரா தரையைப் பார்த்தாள். டாக்டரம்மா அவளைப் பார்த்தார். பெண்கள் இரண்டு பேர் சேர்ந்துகொண்டால் ஆம்பளை பேச்சு எங்கே எடுபடும்?

"இத நாள்கணக்குல விட்டா மூக்கே இதுக்குப் பழகிடும். மருந்தோட வேகம் இறங்கினதும் முன்னவிட அதிகமா வீங்கும். திறக்கிறதும் இதுதான், அடைக்கிறதும் இதுதான்" என்றார். வேறொரு ஸ்ப்ரேயும் உப்புத் தண்ணீரும் எழுதிக் கொடுத்தார். வாங்கினேன். பழையதை விட்டுவிடுகிறேன் என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

மிஷின் வாடகைக்கு வந்தது. மூக்கை மூடி ஒரு கவசம், அதிலிருந்து யானைத் துதிக்கை போல ஒரு குழாய். அடைத்த மூக்குக்குள் காற்றை அடித்தால் எங்கே போகும்? யாரோ தலையணையை முகத்தில் அழுத்துகிற மாதிரி இருந்தது. அரைமணி நேரம்கூடத் தாங்கவில்லை, பிய்த்து எறிந்தேன். இப்போது பீரோ மேல் இருக்கிறது.

ஜொகரா மணியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மார்ச் 2, ஞாயிறு. நோன்பு 1

முதல் நாள் கஞ்சி. நொய்யரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், கறி, தேங்காய்ப் பால், கடைசியில் ரம்பை இலையும் மல்லி புதினாவும். மதியம் லுஹர் தொழுதுவிட்டு அடுப்பு மூட்டினால் சாயங்காலம் அஸருக்குத் தூக்குவாளிகள் வரிசைக்கு வந்துவிடும். நோன்பு திறக்கிற மஃரிபுக்குப் பள்ளியில் முந்நூறு பேர்.

நோன்பு வைத்துக்கொண்டு சமைக்கிறவன் எப்படி ருசி பார்ப்பான் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட்டால் நோன்பு முறியாது, தேவைக்குச் செய்யலாம் என்று பள்ளி இமாம் ஹஜரத்தே சொல்லியிருக்கிறார். எனக்கு அந்தச் சலுகை வேண்டியதில்லை. தேக்சாவின் மேல் முகத்தைக் காட்டினால் போதும். ஆவி அடிக்கிற அடியில் உப்பு தெரியும், வெந்தயம் கூடியது தெரியும். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பருக்கை என் நாக்கில் பட்டதில்லை. காக்கா என்று என்னை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டுத் துணையாக நிற்கும் பக்கீர் மைதீன் இதைப் பார்த்து வாய் பிளப்பான்.

தொழுகை முடிந்ததும் ஹஜரத்திடம் ஒரு சந்தேகம் கேட்டேன். நோன்பு நேரத்தில் மூக்கில் மருந்து விடலாமா என்று. பக்கீர் கேட்கச் சொன்னான் என்றேன்.

"மூக்கு வழியா உள்ள இறங்கினாலும் நோன்பு முறிஞ்சிரும். உடம்பு முடியலேன்னா நோன்ப விட்டுட்டு அப்பறமா அத களாவா வைக்கச் சொல்லுங்க, அதுக்கு இடம் இருக்கு" என்றார். பிறகு, "பக்கீருக்கு மூக்குல என்ன?" என்று கேட்டார்.

சளி என்றேன்.

மார்ச் 4, செவ்வாய். நோன்பு 3

தூக்கம்: ஐந்து மணி நேரம். சொட்டு: சஹருக்கு முன் 1, நோன்பு திறந்த பின் 1.

கஞ்சி நன்றாக இருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 5, புதன். நோன்பு 4

நேற்றுப் போலவே. மதியம் அடுப்புப் புகையில் கண் எரிந்தது. பள்ளிக்குப் பின்னால் குழாயடிக்கு முகம் கழுவப் போனேன். முகம்தான் கழுவினேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்த கஞ்சிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஜொகரா உப்பு ஜாடியை வைத்திருந்தாள். எதற்கு என்றேன். மாங்காய்க்கு என்றாள். மாங்காயைக் காணவில்லை.

மார்ச் 8, சனி. நோன்பு 7

பக்கீர் இன்று, "காக்கா, உப்பு ஒரு கை போடலாமோன்னு…" என்று இழுத்தான்.

"நீ மாஸ்டரா, நான் மாஸ்டரா?" என்றேன்.

"நீங்கதான்."

"அப்ப வாய மூடு."

நானும் பள்ளிக்குப் பின்னால் போய் முகம் கழுவிவிட்டு வந்து நன்றாகவே ஆவி பிடித்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. சரியாகத்தான் இருந்திருக்கும்.

மார்ச் 11, செவ்வாய். நோன்பு 10

இதை எழுதத்தான் வேண்டும்.

மதியம் மூன்று மணி. பருப்பும் நொய்யும் குழைந்து கொதித்துக்கொண்டிருந்தது. துடுப்பைப் பிடித்து நின்றபடியே தூங்கிவிட்டேன். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பக்கீர் தேங்காய்ப் பாலோடு திரும்பி வந்தபோது நான் தேக்சாவின் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தேனாம். பின்னாலிருந்து கைலியோடு சேர்த்துப் பிடித்து இழுத்திருக்கிறான். இரண்டு பேரும் விறகுக் கட்டைமேல் விழுந்தோம். முழங்கையில் மட்டும் சூடு பட்டது.

அதுகூடப் பரவாயில்லை. எழுந்து துடுப்பை எடுத்து, ஒன்றும் நடக்காத மாதிரி அடிவரைக்கும் விட்டுக் கிண்டினேன். பக்கீர் ஓடி வந்து என் கையைப் பிடித்தான்.

"காக்கா, கிண்டாதீக. அடி புடிச்சிருச்சு. தீஞ்ச வாடை தெருமுனை வரைக்கும் அடிக்குது, உங்களுக்குத் தெரியலயா?"

எனக்குத் தெரியவில்லை. முகத்தைத் தேக்சாவுக்கு நேரே கொண்டுபோய் இழுத்தேன். சூடு தெரிந்தது, அவ்வளவுதான்.

அடியில் தீய்ந்ததை நான் மேலே கொண்டுவந்துவிட்டேன். புதிதாய்க் காய்ச்ச நேரமில்லை. முந்நூறு பேர் அந்தக் கஞ்சியைக் குடித்தார்கள். பகல் பூரா பட்டினி கிடந்தவர்கள், வயசாளிகள், முதல் நோன்பு வைத்த பிள்ளைகள். யாரும் முகம் சுளிக்கவில்லை. அல்லாஹ் வீட்டுக் கஞ்சியைக் குறை சொல்லக் கூடாது என்று எல்லாருக்கும் வளர்ப்பு அப்படி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தப் பத்து நாளும் இவர்கள் சும்மா இருந்தது கஞ்சி நன்றாக இருந்ததாலா?

பள்ளி நிர்வாகி செய்யது சுல்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நாளையிலேருந்து துடுப்ப பக்கீர் புடிக்கட்டும் மாஸ்டர். நீங்க சேர்ல உக்காந்து பக்குவம் சொல்லுங்க. நெருப்புப் பக்கத்துல நிக்க வேணாம்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அவர் திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன்.

மார்ச் 12, புதன். நோன்பு 11

காலையில் ஜொகராவிடம் கேட்டேன்: "இந்தப் பத்து நாளும் கஞ்சி எப்படி இருந்துச்சு? உள்ளதச் சொல்லு."

"நாலு நாள் உப்பே இல்ல. ரெண்டு நாள் உப்புக்கரிச்சுச்சு. மத்த நாள் பரவால்ல."

"ஏன் சொல்லல?"

"சொன்னா அடுப்ப விட்டு எந்திரிச்சிருப்பீகளா? என்னத்தான் கத்தியிருப்பீக."

அது உண்மைதான். தனியாக ராமநாதபுரம் போனேன். எல்லாக் குப்பியையும் டாக்டரம்மா மேசையில் வைத்தேன். ஐந்து இருந்தன. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, பதினைந்து தடவை விடுவேன் என்று சொன்னேன். எட்டு வருடமாக. சொல்லி முடித்தபோது ஒரு மூட்டையை இறக்கியது போல இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

அவர் திட்டவில்லை. "பகல்ல எப்படியும் விடமாட்டீங்க, நோன்பாச்சே. ராத்திரியும் விடாதீங்க. நான் குடுத்த ஸ்ப்ரேய சஹருக்கும் நோன்பு திறந்த பிறகும் அடிங்க, உப்புத் தண்ணியால கழுவுங்க. ஒரு வாரம் ரொம்பக் கஷ்டமா இருக்கும். தாங்கிட்டீங்கன்னா திறந்துடும்" என்றார்.

பகலில் எப்படியும் விடமாட்டேன் என்று அவர் நம்பினார். நான் மறுக்கவில்லை.

மார்ச் 13, வியாழன். நோன்பு 12

சொட்டு: 0. தூக்கமும் ஏறக்குறைய அதேதான்.

மார்ச் 14, வெள்ளி. நோன்பு 13

மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். வாயால் மூச்சு விட்டு விட்டுத் தொண்டை காய்ந்துவிட்டது, தண்ணீர் குடிக்க மஃரிப் வரை காத்திருக்க வேண்டும். ஜும்ஆவில் பிரசங்கம் முழுக்கத் தூங்கினேன். குறட்டை விட்டேனாம். ஹஜரத் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டிவிட்டு மேலே பேசினார் என்று பக்கீர் சொன்னான்.

மார்ச் 15, சனி. நோன்பு 14

நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலி. அதில் உட்கார்ந்து, "தீயத் தணி", "பாலை இப்ப ஊத்தாத" என்று சொல்வதுதான் இப்போது என் வேலை. தூக்குவாளியோடு வருகிறவர்கள் எனக்கு சலாம் சொல்கிறார்கள், கஞ்சியை பக்கீரிடம் வாங்குகிறார்கள்.

இன்று பக்கீர் கரண்டி நுனியில் ஒரு சொட்டுக் கஞ்சி எடுத்து என்னிடம் நீட்டினான். "ஹஜரத்துதான் கூடும்னு சொல்லியிருக்காகளே காக்கா. வச்சுப் பாத்துத் துப்பிருங்க."

வாங்கி நாக்கில் வைத்தேன். உப்பு குறைவு. துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்தேன். "ஒரு கை போடு" என்றேன். இருபத்திரண்டு வருடப் பெருமை ஒரு கை உப்பில் போயிற்று. கஞ்சி நன்றாக வந்தது.

மார்ச் 17, திங்கள். நோன்பு 16

மருந்துக்கடை வாசலில் பத்து நிமிடம் நின்றேன். நோன்பு திறந்தாயிற்று, விட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கேட்காமலே குப்பியை எடுத்து வைத்தார். அதைப் பார்த்துத்தான் திரும்பி வந்தேன். எட்டு வருடமாக அவருக்கு என் பெயர் தெரியாது, குப்பிதான் தெரியும்.

மார்ச் 19, புதன். நோன்பு 18

மதியம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பக்கீர் ரம்பை இலையைக் கிழித்துப் போட்டான். அந்த வாசம் வந்தது. எனக்கே சந்தேகம். எழுந்து போய்த் தேக்சா மேல் முகத்தைக் காட்டினேன். வெந்தயம், புதினா, கறி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வலது மூக்கு முழுசாகத் திறந்திருந்தது, இடது பாதி.

"என்ன காக்கா, புகை கண்ணுல பட்டிருச்சா?" என்றான் பக்கீர்.

ஆமாம் என்றேன்.

மார்ச் 20, வியாழன். நோன்பு 19

மூக்கு வந்ததும் வீட்டில் ஒவ்வொன்றாக மோந்து பார்க்கிறேன். என் தலையணையில் எண்ணெய்ச் சிக்கு. பீரோவில் பாச்சை உருண்டை. ஜொகரா பக்கத்தில் வந்தபோது தைலம் சுள்ளென்று அடித்தது.

"தலைவலியா புள்ள?"

"இல்லையே."

"பின்ன தைலம் எதுக்கு?"

"எட்டு வருஷமாப் போடுறேன் மச்சான். இன்னிக்குத்தான் வாடை வந்துச்சா?" என்று சொல்லிவிட்டுச் சமையல்கட்டுக்குப் போய்விட்டாள்.

மார்ச் 21, வெள்ளி. நோன்பு 20

தைலம் மனதை விட்டுப் போகவில்லை. தலைவலி இல்லாதவள் எட்டு வருடம் தைலம் ஏன் போடுகிறாள்? காலையில் அவளை உட்காரவைத்துக் கேட்டேன். மழுப்பினாள். விடவில்லை.

"கண்ணுக்குக் கீழ தடவுனா எரியும். எரிஞ்சா தூக்கம் வராது" என்றாள்.

"தூக்கம் ஏன் வரக் கூடாது?"

தஸ்பீஹ் மணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு மூச்சு நிக்கும். நின்ன உடனே நான் மணிய உருட்டி ஓத ஆரம்பிப்பேன். ஒரு மணிக்கு ஒரு சுப்ஹானல்லாஹ். பதினஞ்சு, இருபதுக்குள்ள கொர்ருன்னு இழுத்துருவீக. இருபத்தஞ்சு தாண்டினா உங்க மூக்குக்கிட்ட கையக் கொண்டு வருவேன். முப்பத்து மூணு முடிஞ்சும் வரலேன்னா தோளைப் புடிச்சு உலுப்புவேன். நீங்க பொரண்டு படுத்துக்குவீக. அப்பறம் திரும்ப ஒண்ணுலேருந்து."

"தினமுமா?"

"நீங்க பள்ளிக்குப் போனப்பறம் நான் தூங்கிக்குவேன். தையல் மிஷின்ல உக்காந்தா தானா தூக்கம் வரும்."

எட்டு வருடம். நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன், என் பெண்டாட்டி விடிய விடிய திக்ரு செய்கிறாள் என்று. ஜாக்கெட்டின் இரண்டு கையும் ஒரே பக்கம் என்று சொல்லிச் சிரித்தேன். ஒரு டாக்டர் முதல் நாளே கேட்ட கேள்வி, எனக்குக் கோபம் வந்த கேள்வி, அதை எட்டு வருடத்தில் ஒருநாள்கூட நான் கேட்டதில்லை. அவள் முன்னால் உட்கார்ந்து அழுதேன். அவள் என் முதுகைத் தடவிக்கொண்டே, "நோன்பும் அதுவுமா அழுவாதீக, தொண்ட வறண்டு போயிரும்" என்றாள்.

பீரோ மேலிருந்து மிஷினை நானே இறக்கித் தூசி தட்டினேன்.

மார்ச் 22, சனி. நோன்பு 21

மூக்கு திறந்திருக்கும்போது அது வேறு மிஷினாக இருக்கிறது. காற்று உள்ளே போகிறது. மூன்று மணி நேரம் போட்டிருந்தேன், பிறகு கழற்றிவிட்டேன். காலையில் தலை அவ்வளவு கனக்கவில்லை.

ஜொகரா உட்கார்ந்துதான் இருந்தாள். "மிஷின நம்ப முடியாது" என்றாள்.

மார்ச் 25, செவ்வாய். நோன்பு 24

ஐந்து மணி நேரம் கழற்றாமல். டாக்டரம்மா போனில் கேட்டு, மிஷினில் இருக்கிற எண்ணைப் படிக்கச் சொன்னார். நாற்பத்தொன்று இப்போது நாலு. "மூக்கு மட்டும் திறந்து மிஷின் போடாம இருந்தா இந்த எண் வந்திருக்காது. மிஷின் மட்டும் போட்டு மூக்கு திறக்கலேன்னாலும் வந்திருக்காது. ரெண்டையும் விடாதீங்க, எடையையும் குறைங்க" என்றார். பிரியாணி மாஸ்டரிடம் எடையைக் குறைக்கச் சொல்கிறார்.

ஜொகராவைக் கேட்டேன், இன்னும் ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று. "சத்தமே இல்ல மச்சான். கொறட்ட இருந்தா மூச்சு இருக்குன்னு தெரியும். இப்ப சத்தமில்லாம இருந்தா பயமா இருக்கு. குனிஞ்சு குனிஞ்சு பாக்குறேன்" என்றாள். அவள் கையை எடுத்து என் நெஞ்சின் மேல் வைத்தேன். ஏறி இறங்குவதை அவளே பார்த்துக்கொள்ளட்டும்.

மார்ச் 27, வியாழன். நோன்பு 26

மதியம் பூரா எனக்குத் தூக்கம் வரவில்லை. செய்யது சுல்தான் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நாளைக்கு நீங்களே புடிங்க மாஸ்டர்" என்றார். பக்கீரும் நானும் மாறி மாறிப் பிடிக்கிறோம் என்றேன். கடைசி உப்பை அவன் நாக்கில் வைத்துப் பார்ப்பான், நான் மூக்கில் பார்ப்பேன். இரண்டும் ஒத்துப்போனால்தான் இறக்குவோம்.

மார்ச் 29, சனி. நோன்பு 28

கண் விழித்தபோது விடியற்காலை சுபுஹு பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். முதலில் எனக்கு விளங்கவில்லை. சஹருக்கு யாரும் எழுப்பவில்லையே.

மிஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். ஜொகரா படுத்திருந்தாள். உட்கார்ந்தபடி சாய்ந்து கிடக்கவில்லை, காலை நீட்டிப் படுத்திருந்தாள். ஒரு கை என் பக்கம் நீண்டிருந்தது. தஸ்பீஹ் மணி தரையில் கிடந்தது. தைல வாடை இல்லை. வாய் கொஞ்சம் திறந்து, சின்னப் பிள்ளை மாதிரி மூச்சு வந்துகொண்டிருந்தது. மணியை எடுத்து வைத்துக்கொண்டு நான் ஓதினேன், ஒரு மணிக்கு ஒரு சுப்ஹானல்லாஹ். மூன்றாவது மணிக்கு முன்னாலேயே அவளுக்கு ஒவ்வொரு மூச்சும் வந்துவிட்டது. முப்பத்து மூன்று வரை போக வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் போனேன்.

கதவைத் தட்டினார்கள். பக்கத்து வீட்டு ஆயிஷா, அவளுக்குப் பின்னால் எதிர்வீட்டுப் பெண், இன்னும் இரண்டு பேர். நாலு வீட்டிலும் சஹர் இல்லை. ஆயிஷாவுக்கு முகம் வெளுத்திருந்தது.

"காக்கா, ராத்தா போன் பண்ணலயே. ஒரு நாளும் இப்படி ஆனதில்ல. அவுகளுக்கு ஒண்ணும் இல்லல்ல?"

"ஒண்ணுமில்ல. தூங்குறா" என்றேன்.

"தூங்குறாகளா?" ஆயிஷா என் தோளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தாள். நாலு வீட்டுக்கும் இன்று வெறும் வயிற்று நோன்பு. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் கையை அமர்த்தினாள். "மெதுவாப் பேசுங்க காக்கா, முழிச்சிரப் போறாக" என்று சொல்லிவிட்டு மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு சத்தமில்லாமல் போனாள்.

தொழுகை நேரம் முடிய இன்னும் இருந்ததால் கால்மணி நேரம் விட்டு எழுப்பினேன். எழுந்து சன்னலில் வெளிச்சத்தைப் பார்த்தவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "சஹர் போச்சே. ஆயிஷா வீட்டுல புள்ளத்தாச்சி வேற இருக்கா. என்ன எழுப்பக் கூடாதா மச்சான்?"

"நானே இப்பத்தான் முழிச்சேன்."

தலைமுடியை அள்ளி முடிந்தாள். பிறகு, "நல்லாத் தூங்குனீகளா?" என்றாள். அப்போதும் என்னைத்தான் கேட்கிறாள்.

டாக்டரம்மாவுக்கு இரண்டு விஷயம் எழுத வேண்டும். ஒன்று: நோன்பு 3, 4, 5, 7, 8, 10 ஆகிய நாட்களில் நான் முகம் கழுவப் போனதாக எழுதியதும் எழுதாமல் விட்டதும் பொய். சொட்டு விட்டேன். அந்த ஆறு நோன்பையும் பெருநாளைக்குப் பிறகு களா வைப்பேன், ஜொகராவிடமும் சொல்லிவிட்டேன். கூடவே தானும் வைப்பதாகச் சொல்கிறாள்.

இரண்டாவது, இன்றைய கணக்கு. தூக்கம்: ஏழு மணி நேரம். சொட்டு: 0. விழிப்பு: எனக்கு இல்லை. அவளுக்கும் இல்லை.